அம்புலன்சுக்குக் காசு யார் கட்டுவது?

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகளுக்கான தொழிலாளர் கல்வி வகுப்பில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இந்த வகுப்புகளில் வழக்கமாகச் சம்பளம், சேமலாப நிதி, செக்ரோல் என்று பேசுவோம். இன்று அம்புலன்ஸ் பற்றிப் பேசப் போகிறோம். கமிட்டிக் கூட்டத்தில் ஒரு தலைவி எழுந்து கேட்ட கேள்விதான் இதற்குக் காரணம்.

அவருடைய தோட்டத்தில் மேற்கணக்கு மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு தாய்க்குக் குளவி கொட்டிவிட்டது. முகம் வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கியது. பக்கத்தில் நின்றவர்கள் 1990க்கு அடித்தார்கள். வண்டி வந்தது. ஆனால் பெரிய ரோட்டுக் கடைச் சந்தியோடு நின்றுவிட்டது. அதற்கு மேலே பாதையை மழைத் தண்ணீர் அரித்துக் குழியாக்கி வைத்திருந்தது. தோட்டத்து லொறியோ கொழுந்தை ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போய்விட்டது. கடைசியில் நான்கு பேர் அந்தத் தாயைப் படங்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு சந்திவரை இறங்கினார்கள். நல்ல காலம், உயிர் பிழைத்தார்.

அந்தத் தலைவி கேட்டது இதுதான்: "வண்டிக்குக் காசு வேண்டாம், இலவசம் என்றார்கள். இலவசமாகத் தருகிறவர்களிடம் மேலேயும் வா என்று நாம் எப்படிக் கேட்பது? அது நியாயமா?"

நாம் எல்லோரும் யோசிக்க வேண்டிய கேள்வி இது. இதற்கு விடை சொல்ல வேண்டுமென்றால், அந்த வண்டிக்கு யார் காசு கட்டுகிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்புலன்ஸ் என்பது வண்டியும் டீசலும் மட்டுமல்ல. சாரதி வேண்டும். அவசர சிகிச்சை படித்த உத்தியோகத்தர் வேண்டும். ஒட்சிசன், மருந்து, கருவி வேண்டும். டெலிபோனை எடுத்துப் பேசி வண்டியை அனுப்ப ஆட்கள் வேண்டும். இவர்கள் எல்லோரும் இரவு பகல் 24 மணித்தியாலமும் ஆயத்தமாக இருக்க வேண்டும். ஒரு நாளில் பத்துப் பேர் கூப்பிட்டாலும் சரி, ஒருவருமே கூப்பிடாவிட்டாலும் சரி, சம்பளம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கூப்பிடாத நேரத்திலும் காத்திருப்பதுதான் அதன் வேலை. காசில் பெரும்பகுதி அந்தக் காத்திருப்புக்கே போகிறது.

இந்தச் செலவுக்கு உலகத்தில் பெரும்பாலும் மூன்று வழியில் காசு சேர்க்கிறார்கள். ஏறியவரிடம் பில் போடுவது ஒன்று. அந்த ஊர் வீடு, காணிக்கு வரி போட்டுச் சேர்ப்பது இன்னொன்று. நாடு முழுவதும் அறவிடும் பொது வரியிலிருந்து கொடுப்பது மூன்றாவது.

முதல் இரண்டு வழியையும் அமெரிக்காவில் பார்க்கலாம். பணக்கார நாடுதான். ஆனால் அங்கே நாடு முழுவதற்கும் ஒரே இலவச அம்புலன்ஸ் சேவை கிடையாது. ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு மாவட்டமும் தன் வழியைத் தானே தேடிக்கொள்கிறது. வண்டியில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரும்பாலும் பின்னால் தபாலில் ஒரு பில் வரும். காப்புறுதி உள்ளவருக்குக் காப்புறுதி ஒரு பங்கைக் கட்டும். முதியோருக்கு மெடிக்கேர் என்ற அரசாங்கக் காப்புறுதி இருக்கிறது. வருடத்துக்குரிய முதல் தொகையை நோயாளி கட்டிய பிறகு, அது ஏற்றுக்கொண்ட கட்டணத்தில் 80 வீதத்தைத் தரும். மிச்சம் நோயாளியின் தலையில். காப்புறுதி இல்லாதவருக்கு முழுப் பில்லும் அவருக்கே. எதிர்பாராத மருத்துவப் பில்லிலிருந்து மக்களைக் காப்பாற்ற அங்கே ஒரு சட்டம் கொண்டுவந்து 2022இல் நடைமுறைக்கும் வந்தது. அதில்கூட ரோட்டில் ஓடும் அம்புலன்சைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அதனால் நெஞ்சு வலித்தாலும் பில்லை நினைத்துப் பயந்து வாடகைக் காரில் போகிறவர்கள் அந்த நாட்டில் இருக்கிறார்கள்.

சரி, பில் போட்டாவது செலவைச் சமாளிக்க முடிகிறதா? நகரத்தில் கொஞ்சம் முடியும். ஒரு நாளைக்குப் பல பேர் கூப்பிடுவார்கள், பல பில் போடலாம். கிராமத்தில் நாலு நாளைக்கு ஒரு பேர் கூப்பிட்டால் நாலு நாளைக்கு ஒரு பில்தான். ஆனால் வண்டியும் ஆளும் நாலு நாளும் காத்திருந்தாக வேண்டும். ஆகவே பில் பணம் போதாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் வீடு, காணி வரியைக் கொண்டுவருகிறார்கள்.

அந்த வரியின் கணக்கு சிக்கலானதல்ல. வரிக்காக மதிப்பிட்ட பெறுமதியில் ஆயிரம் டொலருக்கு ஒரு டொலர் என்று வைப்போம். ஒரு லட்சம் டொலர் மதிப்புள்ள வீட்டுக்கு வருடத்துக்கு 100 டொலர். அப்படி ஆயிரம் வீடு உள்ள ஊரில் வருடத்துக்கு ஒரு லட்சம் டொலர் சேரும். பல இடங்களில் இந்த வரியைப் போடலாமா வேண்டாமா என்று ஊர் மக்களே வாக்களித்துத் தீர்மானிக்கிறார்கள். இதில் ஒரு நல்லது இருக்கிறது. நோய் வந்தவர் மட்டும் சுமக்காமல் ஊரே சேர்ந்து சுமக்கிறது. நம் லயத்தில் சாவு வீட்டுக்கு வீட்டுக்கு வீடு காசு சேர்ப்பதைப் போலத்தான்.

ஆனால் ஒரு பெரிய குறையும் இருக்கிறது. பக்கத்து ஊரில் அதே ஆயிரம் வீடு. ஆனால் ஒவ்வொன்றும் 20,000 டொலர்தான் பெறும். அதே வீதத்தில் வரி போட்டால் அங்கே 20,000 டொலர்தான் சேரும். நோய் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான், அம்புலன்சின் விலையும் ஒன்றுதான். ஏழை ஊருக்கு ஏழை வண்டி, சில இடத்தில் வண்டியே இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். கொழும்பில் மாநகர சபை தன் தீயணைப்புப் படையோடு 110 என்ற இலக்கத்தில் அம்புலன்சையும் நீண்ட காலம் நடத்தி வந்தது. பெரிய கட்டடங்களும் கடைகளும் சோலைவரி கட்டும் நகரம் அது. அதனால் முடிந்தது. மலையகத்துப் பிரதேச சபை எதற்கும் அப்படி ஒரு வசதி இருக்கவில்லை. ஆஸ்பத்திரி அம்புலன்ஸ் என்றால் அது பெரும்பாலும் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளியை மாற்றுகிற வண்டி. லயத்து வாசலுக்கு வந்து ஏற்றிப் போகிற வண்டி அல்ல. நமக்கு இருந்தது தோட்டத்து லொறி, கம்பளி, நாலு பேர் தோள்.

1990 சுவசெரிய சேவை 2016 ஜூலையில் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கியது. முதலில் 88 வண்டிகள். இந்திய அரசாங்கம் 75 லட்சம் டொலருக்கு மேல் நன்கொடை கொடுத்தது. பிறகு இன்னும் ஒன்றரைக் கோடி டொலருக்கு மேல் கொடுத்தது. 209 வண்டிகள் கூடி மொத்தம் 297 ஆகி, 2018இலிருந்து மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. அதே வருடம் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 1990 சுவசெரிய மன்றம் அமைக்கப்பட்டது.

வண்டி வாங்க நன்கொடை வந்தது உண்மைதான். ஆனால் தொடங்கி வைப்பதற்கு வந்த காசு அது. வண்டியை நாளாந்தம் ஓட்டுகிற செலவை நம் நாட்டுத் திறைசேரிதான் சுமக்கிறது. திறைசேரிக்குக் காசு எங்கிருந்து வருகிறது? இந்த நாட்டு வரி வருமானத்தில் பெரும்பகுதி மறைமுக வரிதான். பொருளின் விலைக்குள் ஒளிந்திருக்கும் வரி. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். அந்த வரிக்கு உட்பட்ட சாமானுக்கு நீங்கள் 118 ரூபா கொடுத்தால் அதில் 18 ரூபா அரசாங்கத்துக்குப் போகிறது. சவர்க்காரம் வாங்கும்போது கட்டுகிறோம். டெலிபோனுக்கு ரீலோட் போடும்போது கட்டுகிறோம். துரையும் கட்டுகிறார், கொழுந்து எடுக்கிற தாயும் கட்டுகிறார். சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் அந்தத் தாய்க்குத்தான் சுமை கூட.

ஆகவே அந்தத் தலைவிக்கு நம் முதல் விடை இது. 1990 வண்டி தர்மம் இல்லை. ஏறும்போது காசு கேட்பதில்லை, அவ்வளவுதான். ஏறுவதற்கு முன்னாலேயே, கடையில் நின்று நாம் காசு கட்டியாயிற்று. கூசிக்கொண்டு கூப்பிடத் தேவையில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் யாரும் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் கூப்பிட வேண்டும். தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவ்வப்போது, இந்த மாதிரிச் சேவையை உள்ளூராட்சியின் தலையில் போட்டுவிடலாம், அல்லது சின்னதாக ஒரு கட்டணம் வைக்கலாம் என்று பேசுகிறவர்கள் உண்டு. அப்போது மேலே சொன்ன இரண்டு ஊர்க் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். சோலைவரி பட்டணத்துக் கடைத்தெருவில்தான் சேரும். நமது பிரதேசங்களில் நிலத்தில் பெரும்பகுதி தேயிலை. கட்டடங்கள் நெருங்கிய பகுதி கொஞ்சம்தான். உள்ளூர் வரியில் அம்புலன்ஸ் ஓட வேண்டுமென்றால் கொழும்பில் ஓடும், மஸ்கெலியாவில் நிற்கும். அம்புலன்சை ஓட்டும் செலவு பொது வரியிலிருந்தே வர வேண்டும், ஏறியவரிடம் பில் போடக் கூடாது என்பதில் நாம் உறுதியாக நிற்க வேண்டும்.

அப்படியானால் பிரதேச சபைக்கு இதில் வேலை இல்லையா? இருக்கிறது. வண்டி ஓடப் பாதை வேண்டுமே! சந்தியிலிருந்து மேற்கணக்கு லயம் வரையுள்ள தூரம்தான் அந்தத் தாயின் உயிரோடு விளையாடிய தூரம்.

பிரதேச சபைக்குச் சொந்தமாகச் சில வருமானங்கள் உண்டு. கட்டடங்கள் உள்ள பகுதிகளில் சோலைவரி. நிரந்தரப் பயிர் செய்யும் நிலங்களுக்கு ஏக்கர் வரி. முத்திரைக் கட்டணம், நீதிமன்றத் தண்டப் பணம், சந்தைக் கடை வாடகை. அதற்கு மேல் அரசாங்க மானியம். இந்தப் பணத்தில்தான் ஊர்ப் பாதை, தெரு விளக்கு, பெயர்ப்பலகை எல்லாம் வர வேண்டும்.

ஆனால் நமக்கு அது நீண்ட காலம் வரவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று குறுக்கே நின்றது. தோட்டம் கம்பனியின் கையில் இருக்கும் இடம், அங்கே சபைப் பணத்தைச் செலவு செய்ய முடியாது என்று அதைக் காட்டிச் சொன்னார்கள். நம் வாக்கை வாங்கிச் சபைக்குப் போன உறுப்பினரே நம் லயத்துக்கு ஒரு பாதை போட்டுத் தர முடியாமல் திரும்பி வந்தார். தேயிலை நிலத்தில் வரி வாங்க சபைக்கு வழி இருந்தது. அந்த நிலத்தில் வேர்வை சிந்துகிறவருக்குச் செலவு செய்ய வழி இருக்கவில்லை.

மலையகத்தில் பலரும் பல வருடம் குரல் கொடுத்த பிறகு 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. சபை நிதியைத் தோட்டத்துக்குள்ளும் செலவிட வழி திறந்தது. அதே வருடத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்துக்குப் புதிய பிரதேச சபைகளும் வந்தன. நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய சபைகளோடு கிடந்த நாம், கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்று பக்கத்திலேயே சபைகளைப் பெற்றோம். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர்களே இல்லாமல் கிடந்தன. 2025 மே மாதம் தேர்தல் நடந்தது. இப்போது கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள். "சட்டம் விடாது" என்ற பழைய பதிலை இனி யார் சொன்னாலும், 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தை நினைவுபடுத்துங்கள்.

சில தோழர்கள் சொல்வார்கள்: "நாம் லயத்துக்குச் சோலைவரி கட்டுவதில்லையே, எந்த முகத்தோடு கேட்பது?" லயம் நம் பெயரில் இல்லை, காணி உறுதி நம் கையில் இல்லை. அது நம் குற்றமா? நம்மை உறுதி இல்லாமல் வைத்திருந்துவிட்டு, உறுதி இல்லாதவனுக்குப் பாதை இல்லை என்பது எந்த ஊர் நியாயம்? நாம் அந்தச் சபையின் வாக்காளர்கள். அந்தப் பட்டணத்துக் கடைகள் சோலைவரி கட்டுவதும் சம்பள நாளில் நாம் கொண்டுபோய்க் கொடுக்கிற காசில்தான்.

மூன்றாவதாகக் கம்பனி. தோட்டத்தில் நோய்வாய்ப்பட்டவரைக் கவனிப்பதும், ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் துரையின் பொறுப்பு என்று வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே சொன்னது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் அது. 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. கை மாறினாலும் பொறுப்பு காற்றில் போய்விடாது. 1990 வந்துவிட்டது, இனித் தோட்டத்து வண்டி எதற்கு என்று சில இடங்களில் கேட்கிறார்கள். குளவி மலையில் கொட்டுகிறது, சந்தியில் கொட்டுவதில்லை! வேலை நேரத்தில் மலையிலிருந்து லயத்துக்கோ சந்திக்கோ இறக்கிக் கொடுக்க ஒரு வண்டியும், ஒரு சாரதியும், ஒரு தூக்குப் படுக்கையும் தோட்டத்தில் எப்போதும் இருக்க வேண்டும். லொறி கொழுந்தோடு போகிற நேரத்துக்கு மாற்று வண்டி எது என்பதும் முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். அரசாங்கம், கம்பனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்த பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்திலும் இதைப் பேசலாம்.

ஆக மூன்று பணப்பைகள். வண்டி, ஆள், மருந்து என்பது திறைசேரியின் பை. சந்தியிலிருந்து லயம் வரை பாதை, விளக்கு, பலகை என்பது பிரதேச சபையின் பை. மலையிலிருந்து இறக்குவது கம்பனியின் பை. இந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். நாம் ஒவ்வொருவரிடமும் அவரவர் பங்கைக் கேட்டால் கைகாட்ட இடமிருக்காது.

இனி, ஊருக்குப் போய் என்ன செய்வது? நான்கு காரியம் சொல்கிறோம்.

முதலாவது, விலாசம். நம் தோட்டங்களுக்குப் பெயர்ப்பலகையில் ஒரு பெயர், நம் வாயில் இன்னொரு பெயர். 1990க்கு அடித்து நாம் வழங்கும் பெயரை மட்டும் சொன்னால் வண்டிக்கு வழி தெரியாது. தோட்டத்தின் எழுத்துப் பெயர், கணக்கு, லயத்து இலக்கம், பெரிய ரோட்டில் எந்தச் சந்தி, பக்கத்துப் பட்டணம் எது என்று ஒரு அட்டையில் எழுதி ஒவ்வொரு லயத்திலும் பிள்ளைக் காம்பராவிலும் ஒட்டுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அழகாக எழுதித் தருவார்கள். கூப்பிட்டவுடன் ஒருவரைச் சந்திக்கு அனுப்புங்கள். டெலிபோனை அணைத்துவிடாதீர்கள், திரும்ப அழைப்பார்கள்.

இரண்டாவது, பாதைக் கணக்கு. சந்தியிலிருந்து ஒவ்வொரு லயத்துக்கும் நடந்து பாருங்கள். வண்டி எங்கே நிற்கும், எந்த மதகு உடைந்திருக்கிறது, எங்கே திருப்ப இடமில்லை என்று எழுதுங்கள். "எங்கள் பாதை மோசம்" என்று எழுதினால் கோப்பில் தூங்கும். "மேற்கணக்கு இரண்டாம் லயத்துக்கு முன்னால் மதகு உடைந்ததால் அம்புலன்ஸ் வர முடியவில்லை" என்று எழுதினால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது, சபைக்குக் கடிதம். அடுத்த வருடத்து வரவு செலவுத் திட்டத்தை இந்த வருடம் முடியும் முன்னே நிறைவேற்றுகிறார்கள். அது முடிந்த பிறகு போய் நின்றால், "இந்த வருடம் காசு இல்லை" என்பார்கள். முன்கூட்டியே உறுப்பினரிடமும் தவிசாளரிடமும் கையெழுத்து வைத்துக் கொடுத்துப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குள் வேலை என்பதால் நிர்வாகத்தோடும் பேச வேண்டியிருக்கும். அந்தப் பேச்சுக்குச் சங்கம் கூட வரும்.

நான்காவது, கணக்குக் கேட்பது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும் பிரதேச சபையிடம் தகவல் கேட்கலாம். கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அதிகாரி 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். இரண்டே கேள்வி போதும். தோட்ட நிலங்களிலிருந்து வரியாக எவ்வளவு வந்தது? தோட்டப் பாதைகளுக்கு எவ்வளவு செலவானது? இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கமிட்டியில் வாசியுங்கள். அதற்குப் பிறகு நாங்கள் பேச வேண்டியதில்லை, அந்த இரண்டு தொகையும் பேசும்.

தோழர்களே, படங்கில் தூக்கிக்கொண்டு இறங்கிய அந்த நாலு பேரை நாம் வணங்குகிறோம். நம் மக்களின் நல்ல மனசு அது. ஆனால் ஒவ்வொரு தடவையும் நாலு பேரின் தோளும் நல்ல காலமும் கைகொடுக்கும் என்று இருந்துவிட முடியாது. இந்தத் தடவை பகல் நேரம், மழை இல்லை, ஆட்கள் பக்கத்தில் இருந்தார்கள். அடுத்த தடவை நடுராத்திரியாக இருக்கலாம், பிரசவ வலியாக இருக்கலாம்.

அந்தத் தலைவிக்கு நம் விடை இதுதான், அம்மா. மேலே வா என்று கேட்பது நியாயம்தான். வண்டிக்கு நீங்கள் காசு கட்டிவிட்டீர்கள். பாதைக்கும் வாக்குப் போட்டுவிட்டீர்கள். இனிக் கேட்க வேண்டியதுதான் பாக்கி. கேட்பதற்குச் சங்கம் உங்களோடு வரும்.